ரோஸ்லின் பிள்ளை படுத்த போர்வை

போன வாரம் பக்கத்து வீட்டு மருமகள் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஓர் அறையைக் காட்டினாள். அவளுக்கு ஏழாம் மாதம். அறை முழுக்கப் புதுச் சாமான்கள். தொட்டில், சட்டை, காலுறை, தலைக்குக் குல்லா, எல்லாமே போனில் பார்த்து வரவழைத்தவை. ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, "ஆன்ட்டி, இது கியூட் இல்ல?" என்று ஒரு சின்னப் போர்வையை என் மடியில் போட்டாள். பார்த்தால் ஒட்டுப்போர்வை. பூப்போட்ட கட்டம் ஒன்று, கோடு போட்ட கட்டம் ஒன்று என்று மாறி மாறி இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று போனது. ஒரே துணியில் கட்டங்களை அச்சடித்திருந்தார்கள். ஒட்டுப் போட்ட தையலைக்கூட விடவில்லை, அதையும் அச்சடித்துவிட்டார்கள். "ரொம்ப அழகா இருக்கு" என்றேன். பிள்ளைத்தாச்சியிடம் வேறென்ன சொல்வது?

ஆனால் அந்த வாசனை இருக்கிறதே, கஞ்சியும் சாயமும் கலந்த புதுத்துணி வாசனை, அதை யாரும் அச்சடிக்க முடியாது. மூக்கில் ஏறியதுமே நான் அந்த அறையில் இல்லை. குருபோங்கில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் வேலை பார்த்த துணித் தொழிற்சாலையின் வெட்டு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வெட்டு அறைக்குள் நுழைந்தால் தும்மல் வரும். பஞ்சுத் தூசி கண்ணிமையில் படியும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான சட்டையும் பைஜாமாவும்தான் அங்கே தைப்போம். நாய்க்குட்டிப் படம், பலூன் படம், ஆப்பிள் படம் போட்ட துணிகள். எங்கள் சொந்தபந்தத்தில் எந்தப் பிள்ளையும் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை.

வெட்டி முடித்த பிறகு மிஞ்சும் துண்டுகளைச் சாக்கில் திணித்துப் பின்பக்கம் போட்டுவிடுவார்கள். அதிலும் அதிகம் மிஞ்சுவது கைக்குழி வெட்டிய துண்டுதான். கை வைத்துத் தைப்பதற்காகத் தோள் பக்கம் வளைத்து வெட்டுவார்கள் இல்லையா, அந்த வளைவுக்குள்ளிருந்து விழுவது. பிறைநிலா மாதிரி இருக்கும். அதை வைத்து உருப்படியாக ஒன்றும் தைக்க முடியாது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் தைப்பேன். இரண்டு பிறைகளை எதிரும் புதிருமாக வைத்து, நடுவில் ஒரு பட்டி கொடுத்து, சதுரமாக்கிவிடுவேன். எங்கள் தையல் வரிசையில் அது என் ஒருத்திக்குத்தான் வரும். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் பெருமைப்பட்டுக்கொள்ள அப்போது வேறு ஒன்றும் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி மெர்லிமாவுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்து வரிசை வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டினார். விடியும் முன் பேக்டரி பஸ் வந்து என்னை ஏற்றிக்கொள்ளும். கல்யாணத்துக்குப் பிறகு வருஷங்கள் போய்க்கொண்டே இருந்தன, வீட்டில் பிள்ளைச் சத்தம் இல்லை. தோட்டத்தில் யாருக்காவது வளைகாப்பு என்றால் வளையல் அடுக்கக் கூப்பிடும்போது என் பேரை மட்டும் மறந்துவிடுவார்கள். சாப்பாட்டுப் பந்தியில் மறக்கமாட்டார்கள். அதுவரைக்கும் மரியாதைதான்.

ரோஸ்லின் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள். எனக்குப் பின்னால் கல்யாணம் கட்டினவள். தெங்கேராவில் வாடகை வீடு. பேக்கிங் பகுதியில் சட்டையை மடித்துப் பையில் போடுவது அவள் வேலை. தையல் அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பாள். இப்படிப்பட்டவளுக்குக் கல்யாணமான சூட்டிலேயே பிள்ளை. பையன் வேறு. ஜோயல் என்று பேர். பிரசவ லீவு முடிந்து அவள் திரும்பி வந்த அன்று கண்டீனில் போட்டோவைக் காட்டினாள். தொடையில் மூன்று மடிப்பு. நான் "நல்லா இருக்கான்லா" என்று சொல்லிவிட்டு, சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

பொறாமைதான். வேறு நல்ல பேர் ஒன்றும் அதற்கு வேண்டாம். அவள் என்னை "அக்கா, அக்கா" என்று சுற்றி வருவாள், நான் சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் புகைந்துகொண்டிருப்பேன்.

துண்டுத் துணியில் போர்வை தைக்கும் யோசனையும் அவளுடையதுதான். அவள் பெற்றெடுத்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு தோட்டத்துப் பெண்ணாம். கூட யாரும் இல்லை, மாற்றுத் துணி இல்லை. பிள்ளையைத் தன் கைலியின் கிழிந்த பாதியில் சுற்றி வைத்திருந்தாளாம். "மனசு கேக்கலக்கா. நம்ம பேக்டரியில எவ்ளோ துணி குப்பைக்குப் போவுது. சின்னச் சின்ன செலிமுட்டாத் தச்சுக் குடுத்தா என்னா?" என்றாள். போர்வைக்கு எங்கள் பேச்சில் செலிமுட்தான். மேடம் என்று நாங்கள் கூப்பிடும் சீன சூப்பர்வைசர் அம்மாவிடமும் அவளே போய்ப் பேசினாள். சாக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், சாப்பாட்டு நேரத்தில் மெஷினைத் தொடலாம், நூலை மட்டும் வீணாக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. வரிசையில் பாதிப் பேர் சேர்ந்தோம். என்னைவிட மூத்தவரும் நாலைந்து பெற்றவருமான மாரியம்மாக்கா உள்ளே வைக்கப் பிளானல் துண்டுகளைப் பொறுக்கித் தந்தார். மேல் துணியை ஒட்டுப் போட்டது பெரும்பாலும் நான். ஓரமும் முக்கால்வாசி நானே அடித்தேன், மிச்சத்தை மற்றவர்கள் தைத்தார்கள்.

முதல் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் ரோஸ்லினும் பஸ் பிடித்துப் போய்ப் பிரசவ வார்டில் கொடுத்தோம். மலாய்க்கார மிஸ்ஸி, நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, அழகு அழகு என்று மற்ற மிஸ்ஸிகளையும் கூப்பிட்டுக் காட்டினார். பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. நான் தைத்ததில் எங்கேயோ ஒரு பச்சைப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது என்று நினைத்தாலே மாரில் ஏதோ இளகியது.

அடுத்த தடவை போனபோது மிஸ்ஸி ஒரு மாதிரி முகத்தோடு எங்களை உள்ளே கூட்டிப் போனார். மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் பிள்ளைகளை எங்கள் போர்வையில்தான் போட்டிருந்தார்கள். தமிழ்ப் பெண்கள் மட்டும் அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, பிள்ளையைப் பழைய வேட்டித் துண்டில் கிடத்தியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஜாசின் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தியிடம், "ஏன்மா, புடிக்கலையா?" என்றே கேட்டுவிட்டேன். அவள் பயந்துபோய், "ஐயோ, நல்லாதான்க்கா இருக்கு. ஆனா கோடியா இருக்கே" என்றாள்.

நானும் ரோஸ்லினும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குத் தெரியாததா? பிறந்த பிள்ளைக்குக் கோடித்துணி ஆகாது. நல்லபடியாக வாழும் வீட்டிலிருந்து, தண்ணீரில் நனைந்து வெயிலில் காய்ந்து பழகின துணியை வாங்கித்தான் முதலில் போடுவார்கள். செத்தவர்களுக்குப் போடுவது கோடி, அதைப் பிறந்ததுக்குப் போடுவார்களா? ரோஸ்லின் வீட்டிலும் இது உண்டு. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பம், துணியை மாதா படத்துக்கு முன்னால் வைத்து ஜெபிப்பார்கள், பிள்ளைக்குப் பழைய துணிதான் போடுவார்கள். தெரிந்திருந்தும், அது சட்டைக்குத்தான், போர்வைக்கு இல்லை என்று நாங்களாகவே முடிவு பண்ணியிருக்கிறோம். அதுவும் கஞ்சி மொடமொடப்போடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம், துவைக்கவில்லை.

துவைத்தால் மட்டும் போதாது என்று கண்டீனில் பேச்சு வந்தது. துவைத்த கோடியும் கோடிதானாம். யாராவது படுத்து எழுந்திருக்க வேண்டும். அப்போது நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ரோஸ்லின் பையன் இருக்கான்லா, அவனக் கொஞ்ச நேரம் படுக்கப் போட்டா பழசாயிடும்" என்றேன். எல்லாரும் கையைத் தட்டினார்கள். மாரியம்மாக்கா, "மூளக்காரிடி நீ" என்றார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் தெங்கேராதான். வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில், மடியில் போர்வைக் கட்டோடு போய் இறங்குவேன். ரோஸ்லின் வீடு அந்தக் காலத்து வரிசைக் கடைவீடு. குறுகலாக, ரயில் பெட்டி மாதிரி நீளமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நடுவில் வானம் தெரியும் முற்றம். அந்த வெளிச்சத்தில் பாயை விரித்து, போர்வைகளை வரிசையாகப் போட்டு, ஜோயலைக் கொண்டுவந்து முதல் போர்வையில் கிடத்துவாள். கொஞ்ச நேரம் காலை உதைப்பான். தூக்கி அடுத்ததில். பிறகு அடுத்ததில். நாங்கள் பெண்கள் எல்லாரும் பால் விடாத தே-ஓவும் பிஸ்கட்டுமாகச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ஏதோ ராஜா கொலுவில் இருப்பதைப் போல அவனையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அவன் எந்தப் போர்வையில் மூத்திரம் போகிறானோ அதற்குத் தனி மவுசு. யார் கிளப்பிவிட்டதோ தெரியாது, அதில் படுக்கும் பிள்ளைக்கு நோய்நொடி அண்டாது என்று பேச்சு. அவன் முகத்தைச் சுளித்தாலே, "போறான், போறான்" என்று சத்தம் போடுவார்கள். எல்லார் போர்வையிலும் போவான். மாரியம்மாக்காவின் கோணல்மாணல் ஓரத்தில்கூடப் போனான். என்னுடையதில் போகமாட்டான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு தடவை அவனுக்கு நிறையத் தண்ணீர் புகட்டிவிட்டு என்னுடையதில் கிடத்தினேன். கிடத்தி, கிடத்தி, கை ஓய்ந்து, பக்கத்துப் போர்வைக்கு மாற்றினேன். மாற்றியதும் போனான். ஒருநாள் எதிர்பாராமல் என்னுடையதிலேயே போய்விட்டான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஊரான் பிள்ளையின் மூத்திரத்துக்கு இப்படிப் பல்லைக் காட்டுகிறோமே என்று உடனே எரிச்சலும் வந்தது.

வார்டில் இப்போது போர்வைக்கு ஏகப்பட்ட கிராக்கி. அதற்குப் பேரும் விழுந்துவிட்டது. "ரோஸ்லின் புள்ள படுத்த செலிமுட் இருக்கா?" என்றுதான் தமிழ்ப் பெண்கள் கேட்டார்கள். யார் தைத்தது என்று ஒருத்தி கேட்டிருந்தால் நான் இதையெல்லாம் இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். கைக்குழித் துண்டைச் சதுரமாக்க நான் படும் பாடு என்ன, அவன் மல்லாந்து கிடப்பது என்ன? பொறுக்கமுடியாமல் நான் தைப்பதில் மட்டும் ஒரு மூலையில் சிவப்பு நூலில் சின்னதாக ஒரு பூ போட ஆரம்பித்தேன். என் அடையாளம். அடுத்த மாதம் வார்டில் ஒரு பெண் இன்னொருத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "செவப்புப் பூ போட்டிருந்தா அது ரோஸ்லின் புள்ள படுத்ததுன்னு அர்த்தம். பூ இல்லாதத வாங்காதலா."

சிரிக்கிறீர்கள். ரோஸ்லினும் இப்படித்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் கிறிஸ்மஸுக்கு அவள் புருஷன் ஊரான ஈப்போவுக்குப் போய்விட்டாள். போகுமுன் நாங்கள் தைத்து முடித்த கட்டு ஒன்று ஜோயல் படுக்காமல் அப்படியே கிடந்தது. மிஸ்ஸி பேக்டரிக்குப் போன் பண்ணி, மழைக்காலம், பிள்ளைகள் குளிரில் நடுங்குகின்றன, ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன், "பழசாக்கணும், அவ்ளோதானே? நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன். நானும் அவரும் நாலு நாளு போத்திப் படுத்துட்டு, தொவச்சுக் கொண்டாறேன்."

ஒருத்தி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள். இன்னொருத்தி மணி பார்த்தாள். மாரியம்மாக்காதான் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, என் கையைத் தடவிக்கொண்டே, "இல்லடி, புள்ள படுத்ததுன்னாத்தான் அதுங்க வாங்கும். தப்பா எடுத்துக்காத" என்றார். அவர் குரலில் அன்பு இருந்தது, அதுதான் தாங்கமுடியவில்லை. என் தையல் வேண்டும். என் விரல் பட்ட துணி வேண்டும். என் வீட்டுப் பாயில் கிடந்த துணி மட்டும் யாருக்கும் ஆகாது. நான் எழுந்துபோய் மெஷினில் உட்கார்ந்துகொண்டேன். அன்று பிற்பகல் தைத்த காலர்கள் எல்லாம் பிரிக்க வேண்டியதாயின.

புதுவருஷம் பிறந்து ரோஸ்லின் வந்தாள். யார் அவளிடம் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது வாசலில் "அக்கா" என்று குரல். தெங்கேராவிலிருந்து இரண்டு பஸ் மாறி, மெர்லிமாவில் இறங்கி, தோட்டத்துச் செம்மண் ரோட்டில் பிள்ளையை இடுப்பிலும் போர்வைக் கட்டைத் தோளிலுமாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். முகமெல்லாம் தூசி. "இன்னிக்கு ஒங்க வீட்லக்கா. பாய விரிங்க" என்றாள்.

வரிசை வீடுகளின் பெண்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்க்க, என் வீட்டுக் கூடத்தில் பாய் விரிந்தது. வந்த களைப்பில் ரோஸ்லின் சுவரோரம் சாய்ந்து தூங்கிப்போனாள். நானும் ஜோயலும் மட்டும்தான். அவன் அப்போது தவழ்கிற வயசு, ஓர் இடத்தில் நிற்கமாட்டான். பிஸ்கட்டைக் கையில் கொடுத்து ஒவ்வொரு போர்வையிலும் பிடித்துப் பிடித்துக் கிடத்தினேன். பிஸ்கட் தீர்ந்ததும் என் சுட்டுவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு அப்படியே கண்ணயர்ந்தான். விரலை எடுக்க எனக்கு மனசில்லை. மீன் பூனைக்குப் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ, "யாரு புள்ள?" என்று கேட்டது காதில் விழுந்தது. அந்தக் கொஞ்ச நேரம் அவன் யார் பிள்ளையாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

ரோஸ்லின் கண் விழித்து, "ஜோயலு" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். துரோகி, என் விரலைத் துப்பிவிட்டு அவளிடம் வேகவேகமாகத் தவழ்ந்தான்.

அவள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் இன்னும் எரிந்தது. பிள்ளையும் அவளுக்கு, நல்ல மனசும் அவளுக்கு. இரண்டில் ஒன்றையாவது எனக்கு விட்டுவைத்திருக்கலாம். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் இரண்டு பஸ் மாறி வந்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். அந்த யோசனையைப் பாதியிலேயே விட்டுவிட்டேன்.

ஜோயல் ஓட ஆரம்பித்து, இனிமேல் யாரைப் படுக்கப் போடுவது என்ற கவலை எங்களுக்கு வருவதற்குள் ரோஸ்லின் அடுத்த பிள்ளையைப் பெற்றுவிட்டாள். அவளிடம் எதற்குமே தட்டுப்பாடு கிடையாது. பெண் குழந்தை, பேர் சூசன். அதுவும் தெங்கேரா முற்றத்தில் கொலுவிருக்க ஆரம்பித்தது. நானும் கைக்குழித் துண்டுகளைச் சதுரமாக்கிக்கொண்டே இருந்தேன், சிவப்புப் பூ போட்டுக்கொண்டே இருந்தேன். சூசனும் நடக்க ஆரம்பித்து, எல்லாரும் மறுபடி ரோஸ்லின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், எனக்கு நாள் தள்ளிப்போனது.

யாரும் நம்பவில்லை. நானே நாலாம் மாதம் வரைக்கும் நம்பவில்லை. நம்பிய பிறகு என் மனசில் முதலில் வந்தது என்ன தெரியுமா? பேர் வைப்பதும் இல்லை, படிக்கவைப்பதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பாய் இனிமேல் நம் வீட்டில் என்பதுதான். நம் பிள்ளை படுக்கும். நம் தையலில் நம் பிள்ளை படுத்து, அதில் ஊர்ப் பிள்ளைகள் படுக்கும். வார்டில் என் பேரைச் சொல்லிக் கேட்பார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு இதையே கனவு கண்டுகொண்டிருந்தேன்.

பெண் பிறந்தாள். அதே வார்டு. முதல் துணிக்கு ரோஸ்லின்தான் வந்தாள், நல்லபடியாகப் பிள்ளை வளரும் வீடு என்று பார்த்தால் அவள் வீட்டைவிட்டால் யார் வீடு? பையிலிருந்து ஒரு போர்வையை எடுத்து விரித்தாள். தையல் ஆடிக்கொண்டு போயிருந்தது. சதுரம் எதுவும் சதுரமாக இல்லை. ஒரு மூலை சுருங்கி, ஒரு மூலை தொங்கியது. "நானே தச்சேன்க்கா. யாருக்கும் தச்சதில்ல. சூசன் ஒரு வாரமா இதுலதான் தூங்குனா" என்றாள். நான் தைத்த எத்தனையோ அழகான போர்வைகளில் ஊர்ப் பிள்ளைகள் கிடக்க, என் மகள் உலகத்துக்கு வந்து முதன்முதலாகக் கண்ணை மூடியது அந்தக் கோணல் தையலில்தான். ஓரத்தைப் பிரித்துத் திரும்ப அடிக்கலாமா என்று என் கை பரபரத்தது. அடிக்கவில்லை. அழுதேன். பிள்ளை பெற்ற உடம்பு, அழுகை சுலபமாக வரும்.

அந்த வருஷம்தான் ரிங்கிட் விழுந்தது. நான் லீவில் இருக்கும்போதே வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோய், முதலில் வெட்டு அறையை மூடினார்கள். வெட்டாவிட்டால் துண்டு ஏது? பிறகு வரிசை வரிசையாக ஆட்களைக் குறைத்தார்கள். மாரியம்மாக்கா மகனோடு கிள்ளானுக்குப் போனார். ரோஸ்லின் புருஷனுக்கு ஜொகூர் பாருவில் வேலை கிடைத்தது. போவதற்கு முன் வந்து என் மகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, "அக்கா, இனிமே ஒங்க பாப்பாதான். ஞாயித்துக்கெழம ஒங்க வீட்ல. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்லா" என்றாள். எனக்கு அவளைப் பிரிகிற வருத்தத்தைவிடப் பட்டம் கைக்கு வந்த சந்தோஷம்தான் அதிகம்.

மகளுக்கு மூன்றாம் மாதம் ஆனது. அவள் தொடையிலும் மடிப்பு விழுந்துவிட்டது. வேலையில் மிச்சமிருந்தவர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பிச் சொன்னேன், வரும் ஞாயிறு நம் வீட்டில் என்று. கூடத்தைச் சாணி போடாத குறையாகக் கழுவித் துடைத்தேன். பாயை விரித்தேன். பிஸ்கட் வாங்கி வைத்து, தே-ஓவுக்குத் தண்ணீர் கொதிக்கவிட்டேன். மகளைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்டு அறை மூடியது எனக்குத் தெரியும். ஆனாலும் முன்னால் எடுத்து வைத்த துண்டில் யாராவது ஒன்றாவது தைத்திருக்கமாட்டார்களா? ஒன்று போதும் எனக்கு. மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போனேன். வீட்டுக்காரர், "வருவாங்கலா, பஸ் லேட்டா இருக்கும்" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை போய் அடுப்பை அணைத்தார். யாரும் வரவில்லை.

அதற்குப் பிறகும் யாரும் வரவில்லை. அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கார் சாமான் கிடங்கு. தெங்கேரா வீட்டில் சுற்றுலாக்காரர்கள் வந்து தங்குகிறார்கள், முற்றத்தில் மீன்தொட்டி வைத்திருப்பதாகக் கேள்வி. எங்கள் வரிசை வீடுகளை இடித்து, செம்பனையையும் வெட்டி, தாமான் என்று புதுக் குடியிருப்பு வீடுகள் கட்டிவிட்டார்கள். அதில் ஒன்றில்தான் நான் இருக்கிறேன். கோடி ஆகாது என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் மொடமொடக்கும் புதுத்துணியில்தான் படுக்கின்றன. நன்றாகத்தான் வளர்கின்றன, அதையும் சொல்ல வேண்டும்.

யாரும் வராத அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. ஜொகூரிலிருந்து ரோஸ்லின்.

"அக்கா! என்னா ஆச்சு? பாப்பா படுத்துச்சா? எத்தன செலிமுட் வந்துச்சு?"

"நெறையலா ரோஸ்லின்," என்றேன். "எல்லாரும் வந்தாங்க. பாயில எடமே இல்ல."

வாய் தானாகச் சொன்னது. அவளிடம் போய், என் முறை வந்தபோது ஒருத்தரும் வரவில்லை என்று சொல்வேனா? உயிர் போனாலும் சொல்லமாட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான்.

அந்தப் பக்கம் பின்னால் சூசன் எதற்கோ அழுதுகொண்டிருந்தாள். பிறகு ரோஸ்லின் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இங்க பிளாட்டுல பக்கத்து வீட்டு ஆளு பேருகூடத் தெரியாதுக்கா. ஞாயித்துக்கெழமன்னா சும்மாதான் ஒக்காந்திருக்கேன். எனக்கு ஒங்க மேல பொறாமையா இருக்கு."

எத்தனை வருஷமாக நான் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே வைத்திருந்த வார்த்தை. அவள் ஒரே மூச்சில், போனில், வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.